சல்லடையில் அமுதம் ஏந்தியவர்

கமலா மார்க்கண்டேயா என்னும் பெயரை ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர் நன்கறிவர். தமிழ் வாசகர்க்கு அது சற்றே தொலைவான பெயர். 1924ஆம் ஆண்டில் மைசூரிற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்று, 1948இல் இங்கிலாந்து சென்றவர் அவர். இயற்பெயர் கமலா பூர்ணையா. ஆங்கிலேயர் ஒருவரை மணந்து, 2004 மே மாதத்தில் மறையும்வரை அந்நாட்டையே வாழிடமாகக் கொண்டார். யமனை வென்ற சிறுவனின் பெயரைப் புனைபெயராக வரித்துக்கொண்டதில் மெல்லிய குறும்பு ஒன்று இருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

1954இல் வெளிவந்த 'நெக்டர் இன் எ சீவ்' அவரை உலகறியச் செய்தது. சல்லடையில் அமுதம் என்று அதனைத் தமிழாக்கலாம். எழுதியவற்றுள் அது மூன்றாவது, அச்சேறியவற்றுள் முதலாவது. பன்னிரண்டு வயதில் குத்தகை உழவன் நாதனுக்கு வாழ்க்கைப்பட்ட ருக்மணி, முதுமையில் தன் கதையைத் தானே சொல்கிறாள். ஊருக்குத் தோற்சாலை வருகிறது, மழை பொய்க்கிறது, ஈற்றில் காலமெல்லாம் உழுத நிலமும் தோற்சாலைக்கே விற்கப்படுகிறது. அவளுடைய மக்களில் இருவர், அர்ச்சுனனும் தம்பியும், தேயிலைத் தோட்ட வேலைக்கென இலங்கைக்குப் புறப்படுகின்றனர். தாய் அவர்களை மீண்டும் காணவேயில்லை.

கொண்டச்சியில் இருந்துகொண்டு இப்பகுதியைப் படிப்பவன் எளிதிற் கடந்துவிட முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்துத் தொழிலாளர் பல்லாயிரவர் இந்த மன்னார்க் கரையிலேதான் இறங்கினர். இங்கிருந்து வன்னிக் காட்டின் ஊடே மலைநாட்டுக்கு நடந்தனர். நோயாலும் தாகத்தாலும் வழியில் மடிந்தோர் பலர். கமலா காட்டும் காலம் பிந்தியது. ஆயினும் அவர் கரையில் நின்ற தாயை எழுதினார்; நாமோ கடலின் மறுகரையிலுள்ளோம்.

இலண்டனில் அமர்ந்து இந்தியக் கிராமத்தை எழுதியவருக்கு மண்ணின் மணம் தெரியுமா என்று வினவிய திறனாய்வாளர் உண்டு. கதையில் அக்கிராமத்துக்குப் பெயரில்லை என்பதும் குறையாகக் கூறப்பட்டது. பசிக்கு ஊர்ப்பெயர் எதற்கு? பசித்தவரின் நாணத்தையும் சினத்தையும் அவர் பிழையின்றி எழுதினார். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ரைஸ்' 1966இல் வந்தது. கிராமத்தை விட்டுச் சென்னையில் அலையும் இளைஞனின் கதை அது.

எனினும் என் உள்ளம் நாடுவது 1972இல் வெளியான 'தி நோவேர் மேன்' என்னும் நாவலையே. தென்னிலண்டனில் பல்லாண்டு வாழ்ந்து, அங்கேயே மனைவியையும் இழந்த சீனிவாசன் என்னும் முதியவரை, 1968இல் உன் நாட்டுக்குப் போ என்கிறார்கள். அவருக்கோ திரும்பிச் செல்ல நாடில்லை. முடிவில் அவர் வீட்டுக்குத் தீ வைக்கப்படுகிறது. 1990 ஒக்ரோபரில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டு, புத்தளத்துக் கொட்டில்களில் இரு பத்தாண்டு கழித்தவன் நான். அங்கே எம்மை வந்தேறிகள் என்றனர். மீண்டு வந்தபோது சொந்த வளவைக் காடு மூடியிருந்தது. இங்கும் சிலர் எம்மைப் புதியவராகவே நோக்கினர். சீனிவாசனின் மௌனத்தை எனக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்நூல் வெளிவந்த காலத்தில் பெரிதும் பேசப்படவில்லை. இந்தியக் கிராமத்தைப் புகழ்ந்தோர், தம் தெருவைக் காட்டியபோது முகம் திருப்பினர் போலும். 1982இல் 'பிளெஷர் சிட்டி' வந்தது. அதன்பின் அவர் வாழ்நாளில் வேறு நாவல் அச்சேறவில்லை. எழுதி வைத்திருந்த 'பாம்பே டைகர்' அவர் மறைந்து நான்காண்டு கழித்து, 2008இல் நூலாயிற்று.