70 ரூபாய்க்கு வால்வு ரேடியோ: திருப்பூர் பஞ்சில் சம்பாதிக்கத் தொடங்கிய ஜி.டி.நாயுடுவின் கதை

திருப்பூர் நெருப்பெரிச்சலில் இருக்கும் எங்க பெரியம்மா வீட்டு அட்டாலியில் ரொம்ப நாளாக ஒரு வால்வு ரேடியோ கிடந்தது. பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அண்ணன், போன மாதம் அதைக் கீழே இறக்கிவிட்டார். கிட்டார் ஆம்ப்ளிபயராக மாற்றப் போகிறாராம். புது வால்வு ஆம்ப் வாங்கணும்னா பல ஆயிரம் ரூபாய் ஆகும். பழைய ரேடியோவோ, மைக் செட் கடையில் ஒதுக்கிப் போட்ட வால்வு ஆம்ப்ளிபயரோ கிடைத்தால் செலவு ரொம்பக் குறைவு.

ஸ்க்ரூ டிரைவரோடு அவர் உட்கார்ந்ததைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தவர் ஜி.டி.நாயுடு. வால்வு ரேடியோ வசதியானவர்கள் வீட்டுப் பொருளாக இருந்த காலத்தில், அதை 70 ரூபாய்க்கே தயாரிக்க முடியும் என்று சொன்னவர்.

யார் இவர்?

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23ஆம் தேதி கோவை அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்தார். அம்மா சீக்கிரமே இறந்துவிட்டார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவே இல்லை; ஆரம்ப வகுப்புகளோடு படிப்பு நின்றுபோனது.

அவருக்குப் பாடம் எடுத்தது ஒரு மோட்டார் சைக்கிள்தான். வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த 'ரட்ஜ்' பைக்கைப் பார்த்தவர், அதே மாதிரி ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்தார். கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வராக வேலை பார்த்துப் பணம் சேர்த்தார், வாங்கினார். வாங்கியதும் ஊர் சுற்றவில்லை. முழுசாகப் பிரித்துப் போட்டு, திரும்பப் பூட்டினார். கடைசி வரைக்கும் அவருடைய வழி இதுதான்: பிரி, புரிஞ்சுக்க, அதையே குறைந்த செலவில் செய்.

திருப்பூருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

மெக்கானிக் வேலையில் சேர்த்த காசை வைத்து அவர் சின்னதாக ஒரு பஞ்சு அரவை ஆலையைத் தொடங்கிய ஊர் திருப்பூர். பனியன் நகரம் என்ற பெயரெல்லாம் அப்போது இல்லை. சுற்று வட்டாரக் கரிசல் காட்டில் விளைந்த பருத்தி வந்து சேரும் சந்தை ஊர் அது. முதல் உலகப் போர் நேரத்தில் பஞ்சுத் தொழில் சூடுபிடிக்க, கையில் நல்ல பணம் சேர்ந்தது. அதோடு பம்பாய்க்குப் போய் பெரிய அளவில் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கே கையைச் சுட்டுக்கொண்டு ஊர் திரும்பினார்.

பிறகு, கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் ஆதரவோடு போக்குவரத்துத் தொழிலுக்கு வந்தார். 1920இல் ஒரே ஒரு பஸ், பொள்ளாச்சியில் இருந்து பழனிக்கு. அதை அவரே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் 'யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ்', அதாவது யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனமாக வளர்ந்தது.

ரேடியோ எங்கிருந்து வந்தது?

1930களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் இருந்து கோவைக்குக் கரண்ட் வந்தது. ஆலைகள் பெருகின, கிணறுகளுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவின் முதல் மின்மோட்டார் என்று சொல்லப்படும் மோட்டாரைப் பீளமேட்டில் தயாரித்தார். பேட்டரியில் ஓடும் 'ரசாந்த்' ஷேவிங் ரேசரும் அவருடையதுதான்.

அந்த வரிசையில் 1941இல் ஐந்து வால்வு ரேடியோவைத் தயாரிக்க முடியும் என்று அறிவித்தார். விலை 70 ரூபாய். இது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். சேதி தெரியணும்னா ரேடியோதான் வேகமான வழி. ஆனால் ரேடியோ பெட்டிகள் பெரும்பாலும் வெளிநாட்டில் இருந்து வந்தவை. வீட்டில் வைத்துக்கொள்ளவே தனியாக லைசென்ஸ் எடுக்கணும். விலை குறைந்தால்தான் சாதாரண வீட்டுக்குள்ளும் அந்தச் சேதி போகும். நாயுடு கைவைத்தது அந்த விலையில்தான்.

ஐந்து வால்வில் என்ன இருக்கிறது?

அந்தக் கால ஐந்து வால்வு ரேடியோக்களில் பொதுவாக முதல் இரண்டு வால்வுகளின் வேலை ஸ்டேஷனைப் பிடித்து வலுப்படுத்துவது. மூன்றாவது, அலையில் இருந்து ஒலியைப் பிரித்து, கொஞ்சம் பெருக்கித் தரும். நான்காவது ஸ்பீக்கரை ஓட்டும். ஐந்தாவது, ஏ.சி. கரண்ட்டை டி.சி.யாக மாற்றும்.

கிட்டாருக்குத் தேவை கடைசி மூன்றின் வேலை மட்டும்தான். வால்யூம் கன்ட்ரோல் இருக்கும் இடத்தில் கிட்டார் சிக்னலைக் கொடுத்தால், ரேடியோ ஆம்ப்ளிபயராகிவிடும். கிட்டார் சிக்னல் பலவீனமானது என்பதால் முன்னால் இன்னொரு பெருக்கும் கட்டம் வேண்டியிருக்கும். மைக் செட் ஆம்ப்ளிபயரில் மைக்குக்காக அது ஏற்கெனவே இருப்பதால் வேலை இன்னும் சுலபம்.

இது ஒன்றும் குறுக்கு வழி இல்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1938இல் ரேடியோ ரிப்பேர் கடை வைத்தவர். அந்த அனுபவத்தில் இருந்துதான் அவருடைய கிட்டார் ஆம்ப்கள் பிறந்தன. லண்டனில் 1962இல் வந்த முதல் மார்ஷல் ஆம்ப், ஃபெண்டரின் 'பேஸ்மேன்' சர்க்யூட்டைப் பார்த்துச் செய்யப்பட்டது. இங்கேயும் பிரித்துப் பார்த்தவர்கள்தான் அடுத்ததைச் செய்திருக்கிறார்கள்.

ஆனா ஒரு எச்சரிக்கை. வால்வு செட்டுக்குள் 200 வோல்ட்டுக்கு மேல் டி.சி. ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தேங்கி நிற்கும், உயிரையே எடுக்கும். டிரான்ஸ்பார்மர் இல்லாத மலிவு ரேடியோக்களில் உள்ளே இருக்கும் தகரச் சட்டத்திலேயே மெயின் கரண்ட் இருக்கலாம். அதில் கிட்டாரை மாட்டினால் கம்பி வழியாக நேராகக் கைக்கு வந்துவிடும். ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர், மூணு பின் எர்த், புது கெப்பாசிட்டர், விவரம் தெரிந்த மெக்கானிக் ஆகிய நாலும் இல்லாமல் கை வைக்க வேண்டாம்.

பிறகு என்ன ஆனது?

1945இல் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் உருவாக நாயுடு காரணமாக இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. நாலு வருடப் படிப்பு அநாவசியம், கையால் வேலை செய்து கற்றால் இரண்டு வருடமே போதும் என்பது அவர் கட்சி. அரசு ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

1952இல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்தார். அதற்கு அரசு லைசென்ஸ் தரவில்லை. கார் செய்யத் தெரிந்தும், அதை விற்க அவருக்கு அனுமதி இல்லை. நடுத்தரக் குடும்பங்கள் மலிவான காருக்குப் பிறகு எத்தனையோ வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது.

1974 ஜனவரி 4ஆம் தேதி நாயுடு காலமானார். கோவை அவினாசி ரோட்டில் இருக்கும் அவர் பெயரிலான அருங்காட்சியகத்துக்குப் போனால், அவருடைய கண்டுபிடிப்புகளைப் பார்க்கலாம்.

அண்ணனின் ரேடியோ இன்னும் பாடவில்லை. பழைய கெப்பாசிட்டர்களை மாற்ற மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறார். ஆனால் எந்த வால்வு எதற்கு என்று இப்போது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெரியம்மா உட்பட.