ஒளி ஊடுருவும் தகடு தந்த ஓட்டோ ரோஹ்ம்

சென்ற விடுமுறையில் எங்கள் ஊர்த் தச்சுப்பட்டறை ஒன்றில் நாற்காலிக் கால்கள் உருவாவதைக் கண்டேன். தச்சர் ஒவ்வொரு காலையும் தனியே அளந்து வரையவில்லை. கால் வடிவிலான மரமாதிரி ஒன்றின்மேல் அக்ரிலிக் தகட்டை ஒட்டி, ரூட்டர் எந்திரத்தால் சுற்றிலும் வெட்டி எடுத்தார். பிட்டின் நுனியிலிருந்த பேரிங் மரத்தின் ஓரத்தைத் தொட்டு உருண்டதால் தகடு அதே வடிவைப் பெற்றது. இனி அத்தகடே அச்சு; அதைக்கொண்டு நூறு கால்களும் வெட்டலாம். தகரத்தையும் ஒட்டுப்பலகையையும் விட்டு இதை ஏன் தேர்ந்தீர்கள் என்று வினவினேன். அடியில் உள்ள மரத்தின் முடிச்சும் பென்சில் கோடும் இதன் வழியே தெரியும் என்றார்.

மழுங்கிய பிட்டைக்கொண்டு மெதுவாக வெட்டினால் தூள் உருகி, வெட்டிய வழியிலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ளும் என்றும், உள்மூலைகளைக் கூராக விட்டால் அங்கிருந்தே விரிசல் ஓடும் என்றும் அவர் சொன்னார். ஏறத்தாழ 100 பாகை செல்சியஸைத் தாண்டினால் இளகும் பலபடி அது என்று வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. அந்தத் தகட்டை உலகுக்கு அளித்தவர் யார் என்று தேடியபோது கிடைத்ததே இவ்வரலாறு.

ஓட்டோ ரோஹ்ம் 1876ஆம் ஆண்டு ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் பகுதியிலுள்ள ஓரிங்கன் என்னும் சிற்றூரில் பிறந்தார். மருந்துக்கடையில் உதவியாளராகப் பயின்ற பின்னரே வேதியியல் கற்கச் சென்றார். கூமரின் தயாரிக்கும் வினையால் நாம் பெயரறிந்த பெக்மான் அவர்களே ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இவருக்கு ஆசிரியர். அக்ரிலிக் அமிலத்தின் பலபடிகளை ஆராய்ந்து 1901இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்போது வயது 25. ஆனால் குடுவையில் கிடைத்த அந்தப் பிசினால் என்ன பயன் என்று எவருக்கும் தெரியவில்லை.

வயிற்றுப்பாட்டுக்காக அவர் வேறு வழி தேடினார். ஸ்டுட்கார்ட் நகர எரிவாயு ஆலையில் பணியாற்றுகையில் தோல் பதனிடும் தொழிலின் இழிவான ஒரு வேலை அவர் கவனத்தை ஈர்த்தது. சுண்ணாம்பில் ஊறிய தோலை மென்மையாக்க அக்காலத்தில் நாயின் மலத்தைக் கரைத்துப் பயன்படுத்தினர். அதன் ஆற்றலுக்குச் செரிமான நொதிகளே காரணம் என உணர்ந்த ரோஹ்ம், கால்நடைகளின் கணையத்திலிருந்து நொதியெடுத்து 'ஓரோபான்' என்னும் பொருளை உருவாக்கினார். தொழிலாளரின் கைகள் அந்த அருவருப்பிலிருந்து விடுபட்டன. 1907இல் நண்பர் ஓட்டோ ஹாஸுடன் சேர்ந்து எஸ்லிங்கனில் நிறுவனம் தொடங்கினார். 1909இல் அது டார்ம்ஷ்டாட்டுக்கு மாறியது. 1914இல் அதே நொதியைத் துணி வெளுக்கும் பொருளிலும் சேர்த்தார்.

செல்வம் சேர்ந்த பின்னும் இளமைக்கால ஆராய்ச்சியை அவர் மறக்கவில்லை என்பதே இவ்வாழ்வின் சிறப்பு. தோல் தந்த வருவாயை அக்ரிலிக் ஆய்வுக்குச் செலவிட்டார். ரப்பருக்கு மாற்றாகுமா, வண்ணப்பூச்சுக்கு உதவுமா என்று முயன்றார். வால்ட்டர் பவர் என்னும் வேதியியலாரும் துணை நின்றார். 1928இல் இரு கண்ணாடிகளுக்கிடையே அக்ரிலிக் படலம் வைத்த பாதுகாப்புக் கண்ணாடி வெளிவந்தது. பின்னர் மீத்தைல் மெத்தாக்ரிலேட்டைக் கண்ணாடிகளுக்கிடையே ஊற்றிப் பலபடியாக்கியபோது, ஒட்டவேண்டிய பொருள் ஒட்டாமல் தனித்தகடாகக் கழன்று வந்தது. பசையாகத் தோற்றது, கண்ணாடியாக வென்றது! எடையில் கண்ணாடியின் பாதிக்கும் குறைவான அத்தகட்டுக்கு 1933இல் 'பிளெக்சிகிளாஸ்' என்ற பெயர் பதிவாயிற்று. இங்கிலாந்திலும் ஏறத்தாழ அதே காலத்தில் வேறு ஆய்வாளர் இதைக் கண்டனர்.

1939 செப்டம்பரில், இரண்டாம் உலகப்போர் தொடங்கிய சில நாட்களில், ரோஹ்ம் காலமானார். அவருடைய தகடு இருதரப்புப் போர்விமானங்களிலும் விமானியின் கூண்டாயிற்று. போருக்கு உதவியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே தகடுதான் இன்று பெயர்ப்பலகையாகவும் எங்கள் ஊர்ப் பட்டறையில் அச்சாகவும் விளங்குகிறது.

மாணவ நண்பர்களே! ஆய்வேட்டிலிருந்து தகட்டுக்கு 32 ஆண்டுகள். இடையில் அவர் பிழைப்புக்கு வேறு தொழில் செய்தார், படித்ததைக் கைவிடவில்லை. நாமும் பட்டம் பெற்றதும் கிடைத்த வேலைக்குச் செல்வோம். பலருக்கு அது படித்த பாடத்தோடு தொடர்பற்றதாக இருக்கும். அப்போதும் நம் ஆய்வுக்கூடக் குறிப்பேட்டை எடைக்குப் போட்டுவிடாமல் இருப்போமாக.