விழுங்கணு கண்ட வித்தகர்

நாட்டைக் காக்கப் படை உண்டு. நகரைக் காக்க மதில் உண்டு. மனித உடலைக் காப்பது யாது? காற்றிலும் நீரிலும் மண்ணிலும் கண்ணுக்குப் புலனாகாத நோய்க்கிருமிகள் எண்ணிறந்தன உள்ளன. அவற்றிடையே வாழும் மனிதன் பெரும்பாலான நாட்களில் நலமாக இருப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்குக் கடலில் வாழும் ஒரு சிற்றுயிரிடம் விடை கண்டவர் இலியா மெச்னிக்கோவ் என்னும் அறிஞர் ஆவார்.

இளமையும் துயரும்

மெச்னிக்கோவ் 1845ஆம் ஆண்டில், அந்நாளில் உருசியப் பேரரசைச் சார்ந்திருந்த கார்க்கிவ் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் பிறந்தார். இளமையிலேயே செடி கொடிகளையும் சிற்றுயிர்களையும் உற்று நோக்குவதில் பெருவிருப்புக் கொண்டார். கார்க்கிவ் பல்கலைக்கழகத்தில் நான்கு ஆண்டுகளில் கற்கவேண்டிய பாடங்களை இரண்டே ஆண்டுகளில் கற்றுத் தேர்ந்தார். 1870ஆம் ஆண்டில் ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியற் பேராசிரியர் ஆனார்.

அறிவு வளர்ந்ததுபோல் இன்பம் வளரவில்லை. அவர்தம் முதல் மனைவி உலுத்மிலா, மணநாளிலேயே நடக்க வலிமையற்று நாற்காலியில் வைத்துத் தூக்கி வரப்பட்டார். காசநோய் அவரை 1873ஆம் ஆண்டில் கவர்ந்து சென்றது. மெச்னிக்கோவ் வாழ்வையே வெறுத்தார். எனினும், அறிவு வேட்கை அவரை மீண்டும் வாழ்வின்பால் ஈர்த்தது. 1875ஆம் ஆண்டில் மணந்த ஒல்கா அம்மையார் அவர்தம் ஆராய்ச்சிக்கும் துணையாக விளங்கினார்.

முள் உணர்த்திய உண்மை

1881ஆம் ஆண்டில் உருசியப் பேரரசர் கொலையுண்டபின் நாட்டில் குழப்பம் மிகுந்தது. பல்கலைக்கழகத்திலும் அமைதி குலைந்தது. அதனால் மெச்னிக்கோவ் 1882ஆம் ஆண்டில் பதவியைத் துறந்து, இத்தாலியைச் சார்ந்த சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார்.

அங்கு ஒருநாள் வீட்டார் அனைவரும் வேடிக்கைக் காட்சி காணச் சென்றிருந்தனர். மெச்னிக்கோவ் மட்டும் நட்சத்திர மீனின் இளம்புழுவை நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். அப்புழு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உடலுடையது. அதனுள் சில உயிரணுக்கள் அங்குமிங்கும் ஊர்ந்தன. உடலினுள் புகும் பகையை எதிர்ப்பதே அவற்றின் தொழிலாகுமோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் மின்னியது. உடனே தோட்டத்திலிருந்து ரோசா முட்களைக் கொணர்ந்து அப்புழுக்களின் தோலடியில் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாட் காலையில் நோக்கியபோது, ஊரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருக்கக் கண்டார். அவற்றிற்குப் பிற்காலத்தில் கிரேக்கச் சொற்களைக்கொண்டு 'பேகோசைட்' எனப் பெயர் அமைந்தது. விழுங்கும் உயிரணு என்பது அதன் பொருள்.

பின்னர் அவர் நீர்ப்பூச்சியை ஆராய்ந்தார். அதனுள் புகுந்த பூஞ்சை வித்துகளை விழுங்கணுக்கள் உண்டழித்தால் பூச்சி பிழைத்தது. வித்துகள் ஓங்கினால் பூச்சி மடிந்தது. நோய் என்பது இவ்விரு திறத்தாருக்கும் நிகழும் போரே என அவர் துணிந்தார்.

எதிர்ப்பும் வெற்றியும்

புத்துண்மையை உலகம் எளிதில் ஏற்பதில்லை. குருதியின் நீர்ப்பகுதியில் உள்ள பொருள்களே கிருமிகளை ஒழிக்கின்றன என்று செருமானிய அறிஞர் பலர் வாதிட்டனர். மெச்னிக்கோவ் சோர்வடையவில்லை. 1888ஆம் ஆண்டில் பாரிசு நகரில் பாஸ்டர் நிலையத்தைச் சேர்ந்தார்; தம்மை மறுத்தோருக்குச் சினத்தால் அன்றிச் சோதனைகளால் பெரிதும் விடையளித்தார். காலம் இரு சாராரின் கூற்றிலும் உண்மை உண்டு எனக் காட்டிற்று. குருதிநீரில் உள்ள சில பொருள்கள் கிருமிகளின்மேல் படிந்து, அவற்றை விழுங்கணுக்கள் எளிதில் உண்ணுமாறு செய்கின்றன எனப் பின்னர் அறியப்பட்டது. 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு, மெச்னிக்கோவுக்கும் எதிரணிக் கருத்தின் தலைவரான பவுல் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டில் மெச்னிக்கோவ் மறைந்தார். அவர் உடலின் சாம்பல் பாஸ்டர் நிலையத்தின் நூலகத்திலேயே வைக்கப்பட்டுள்ளது.

விழுங்கணுவின் உள்ளே

மெச்னிக்கோவ் விழுங்கணுவின் செயலைக் கண்டார். பின்வந்தோர் அதன் உள்ளமைப்பைக் கண்டனர். விழுங்கிய கிருமியை உயிரணு ஒரு மென்படலப் பையில் அடைக்கிறது. செரிக்கும் நொதிகள் நிறைந்த லைசோசோம்கள் அப்பையுடன் இணைந்து கிருமியைச் சிதைக்கின்றன. எண்டோபிளாச வலை என்னும் மற்றொரு நுண்ணுறுப்பும் அப்பையை நெருங்கிச் செல்கிறது. ஆயின், அதனோடு கலந்துவிடுவதில்லை. இரு படலங்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 30 நானோமீட்டர் வரையே இடைவெளி இருக்கும். ஒரு மில்லிமீட்டரின் 10 இலட்சத்தில் ஒரு கூறே நானோமீட்டர். மதிலை இடிக்காமலே அதன் மேலாக அண்டை வீட்டார் கொடுத்து வாங்குவதுபோல, நுண்ணுறுப்புகள் இத்தகைய தொடுமிடங்களில் சுண்ண அயனிகளையும் கொழுப்புப் பொருள்களையும் பரிமாறிக்கொள்கின்றன. படலங்களை நெருங்கச் செய்யும் புரதம் ஒன்று, பையின் அருகே சுண்ண அயனிகளைப் பெருகச் செய்து விழுங்கும் தொழிலை ஊக்குகிறது என 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. தனித்தனியே நிற்கும் உறுப்புகள் செய்தி பரிமாறி ஒருங்கே தொழிற்படுவதால் உயிரணு வலிமை பெறுகிறது.

துயரம் துரத்தியபோதும், அறிஞர் மறுத்தபோதும் மெச்னிக்கோவ் தம் கண்ணால் கண்ட உண்மையைக் கைவிடவில்லை. சிறு முள் ஒன்று பேருண்மைக்கு வாயிலாயிற்று. சிறிய பொருளையும் கூர்ந்து நோக்குதல், கண்டதை ஐயமறச் சோதித்தல், எதிர்ப்புக்கு அஞ்சாமை ஆகிய மூன்றும் அறிவியல் பயில்வார்க்கு அவர் வாழ்க்கை வழங்கும் செல்வங்களாகும்.