படுத்தபடி சொன்ன வார்த்தை

விருதுநகரில் 1903-ல் பிறந்தவர் காமராசர். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. பல ஆண்டுகள் சிறையில் கிடந்தார். 1954 முதல் 1963 வரை முதல்-மந்திரியாக இருந்தார். ஊர்தோறும் பள்ளிக்கூடம் திறந்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு போட்டார்.

1967-ல் தேர்தல் வந்தது. காமராசர் சொந்த ஊரில் நின்றார். விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த நேரம். படுத்துக்கொண்டே ஜெயித்துவிடுவேன் என்று அவர் சொன்னதாகப் பேச்சு பரவியது. வலியோடு கிடந்தவர் வேடிக்கையாகச் சொல்லியிருக்கலாம். ஆனால், அரிசிக்கு அலைந்த தாய்மார் காதில் அது எப்படி விழும்? எதிர்க்கட்சியார்தான் விடுவார்களா?

எதிர்த்து நின்றவர் சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். ஓட்டுகளை எண்ணினார்கள். 1,285 ஓட்டில் காமராசர் தோற்றார்!

ஜனங்களை அவர் நொந்துகொள்ளவில்லை. 1969-ல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்தார்.