குக்கீஸ் விற்ற பெண்களும் முத்துமாலையை விற்ற அம்மாவும்

கம்ப்யூட்டர் லேபில் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்தாலே குக்கீஸை ஏற்கிறாயா என்று கேட்கிறது இல்லையா? நாமும் படிக்காமலேயே சரின்னு அழுத்திவிடுகிறோம். குக்கீ என்றால் பிஸ்கட்தானே, அது எப்படி கம்ப்யூட்டருக்குள்ளே போச்சு? அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் நிஜ குக்கீஸுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பெண்மணியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அவர் பெயர் ஜூலியட் கார்டன் லோ. 1860 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சவானா நகரில் பிறந்தார். வீட்டில் செல்லப்பெயர் டெய்சி. படம் வரைவார், சிற்பம் செய்வார், தலைகீழாக நிற்பார். பயங்கர சுட்டி!

ஆனால் வாழ்க்கை அவரை ரொம்பவே சோதித்தது. 25 வயது வாக்கில் காதுவலிக்குச் செய்த சிகிச்சை தவறிப்போய், ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. 1886-ல் கல்யாணம். நம்ம ஊரில் அட்சதை போடுகிற மாதிரி அங்கேயும் மணமக்கள் மீது அரிசி தூவுவார்கள். அதில் ஒரு அரிசி நன்றாக இருந்த இன்னொரு காதுக்குள் போய்விட்டது. அதை எடுக்கப் போய் அந்தக் காதும் கெட்டுவிட்டது. கல்யாண வாழ்க்கையாவது நல்லா இருந்ததா? அதுவும் இல்லை. விவாகரத்து வழக்கு முடிவதற்குள் 1905-ல் கணவர் இறந்தார். சொத்தை வேறொரு பெண்ணுக்கு எழுதி வைத்திருந்தார். டெய்சி போராடித்தான் தனக்குரிய பங்கைப் பெற்றார்.

வேறு யாராக இருந்தாலும் மூலையில் உட்கார்ந்திருப்பார்கள். ஆனால் 1911-ல் இங்கிலாந்தில், சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலைச் சந்தித்தார். மறு வருடமே சொந்த ஊர் திரும்பி, 1912 மார்ச் 12 அன்று சவானாவில் 18 பெண்களைக் கூட்டினார். அப்போது அவருக்கு வயது 51! முகாம், முதலுதவி, கூடைப்பந்து என்று அன்றைய பெண்கள் நினைத்துப் பார்க்காததை எல்லாம் கற்றுக்கொடுத்தார். பணம் தட்டுப்பட்டபோது தன் முத்துமாலையையே விற்றார். கூட்டம் ஒன்றில் புது சாரணியர் ஷூவைக் காட்டுவதற்காக எல்லோர் முன்னாடியும் தலைகீழாக நின்றாராம்!

அம்மா நகையை விற்றார். பெண்கள் குக்கீஸ் விற்றார்கள். 1917-ல் ஓக்லஹோமா மாநிலம் மஸ்கோகி நகரில் ஒரு சாரணியர் குழு, தாங்களே சுட்ட குக்கீஸைப் பள்ளி கேன்டீனில் விற்றது. 1922-ல் சாரணியர் பத்திரிகை அதன் செய்முறையை வெளியிட்டது. கணக்கைப் பாருங்கள்: ஆறேழு டஜன் சுட 26 முதல் 36 சென்ட் செலவு. ஒரு டஜன் விலை 25 முதல் 30 சென்ட். ஆறு டஜனைக் குறைந்த விலைக்கு விற்றாலே 150 சென்ட் வரும். செலவு போக 114 சென்ட் லாபம்! வீடு வீடாகப் போய்ப் பேசும் தைரியம் அதைவிடப் பெரிய லாபம்.

1923-ல் டெய்சிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. பலரிடமும் அதை மறைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 1927 ஜனவரி 17 அன்று காலமானார். சாரணியர் சீருடையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 18 பேரில் தொடங்கிய இயக்கம் அதற்குள் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. 2025-ல் அமெரிக்க அரசு வெளியிட்ட 25 சென்ட் நாணயம் ஒன்றில் அவர் உருவம் இருக்கிறது.

சரி, கம்ப்யூட்டர் குக்கீ? அதற்கும் இதற்கும் பெயர்தான் ஒற்றுமை. ஒரு இணையதளம், பக்கத்துக்குப் பக்கம் நாம் யார் என்பதை மறந்துவிடும். அதனால் 1994-ல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மான்டுலி ஒரு வழி கண்டுபிடித்தார். தளம் ஒரு சின்னத் துண்டுச்சீட்டை நம் பிரவுசரிடம் கொடுக்கும். அடுத்த முறை பிரவுசர் அதைத் திருப்பிக் காட்டும். செருப்பு விடும் இடத்தில் தரும் டோக்கன் மாதிரிதான்! நாம் கூடையில் போட்ட பொருள் மறையாமல் இருப்பது இதனால்தான். ஆனால் சில விளம்பர நிறுவனங்கள் இதே சீட்டை வைத்து, நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்றும் பின்தொடர்கின்றன.

டெய்சியின் பெண்கள் கதவைத் தட்டி, தாங்கள் யார், பணம் எதற்கு என்று சொல்லித்தான் விற்றார்கள். வேண்டுமென்றால் வாங்கலாம், இல்லையென்றால் வேண்டாம். இந்தக் குக்கீயிடமும் அதையே கேட்போம்: நீ யார், எதுக்கு வந்திருக்கே? படித்துப் பார்த்துவிட்டு அழுத்துங்க நண்பர்களே!