தீயிலிருந்து மீண்ட இரு நூல்கள்

உங்கள் பிள்ளை பாடப்புத்தகத்தை மூடிவிட்டுக் கவிதை நூலைத் திறந்தால் என்ன செய்வீர்கள்? இத்தாலியத் தந்தை ஒருவர், மகன் ஒளித்துவைத்திருந்த நூல்களை நெருப்பிலே போட்டார். மகன் கதறியழக் கண்டு மனமிளகி, இரண்டை மட்டும் இழுத்தெடுத்துக் கொடுத்தார். ஒன்று வேர்ஜில் கவியின் நூல். மற்றது சிசெரோவின் நாவன்மை நூல். அழுத அம்மகனே, 1341இல் உரோமையிலே கவியரசராக முடிசூட்டப்பெற்ற பிரான்சிஸ்கோ பெற்றார்க்.

1304இல் அறெற்சோ நகரிற் பிறந்த இவரை, நொத்தாரிசாகிய தந்தை சட்டம் படிக்க மொன்பெலியேக்கும் பொலோஞாவுக்கும் அனுப்பினார். 1326இல் தந்தை இறந்தபின் சட்டத்தைக் கைவிட்டவர், பின்னர் குருநிலையின் கீழ்ப்பட்டங்களை ஏற்றார். அவர் அர்ச்சியசிஷ்டரல்லர், குறைகள் உள்ளவரே. ஆயினும் அர்ச். அகுஸ்தீனார் தம் வாழ்வை இறைவனிடம் அறிக்கையிட்ட நூலின் சிறு பிரதியொன்றைச் சென்ற இடமெல்லாம் கொண்டுசென்றார்.

அச்சுயந்திரம் இல்லாத காலம் அது. 1333இல் லியேஜ் நகரிலே சிசெரோவின் உரைகள் இரண்டு அகப்பட்டன. மையோ கிடைப்பது அரிதாயிருந்தது. கிடைத்ததும் குங்குமப்பூ நிறம். அதைக்கொண்டே அவரும் நண்பரும் பிரதிசெய்தனர். 1345இல் வெரோனாவிலே, சிசெரோ தம் நண்பர் அற்றிக்கசுக்கு எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். பின்னர் ஹோமரின் கிரேக்கப் பிரதியொன்று அன்பளிப்பாக வந்தது. கிரேக்கம் வாசிக்க அறியாதவர், அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

1362இல் அவருடைய நண்பர் பொக்காச்சியோவுக்குப் பெரும் அச்சம் பிடித்தது. மரணத் தறுவாயிலிருந்த கர்த்தூசிய சபைத் துறவியொருவர், இலக்கியத்தைக் கைவிடாவிடில் ஆன்மாவுக்குக் கேடு என்று சொல்லியனுப்பியிருந்தார். நூல்களையெல்லாம் விற்றுவிட எண்ணினார் பொக்காச்சியோ. பெற்றார்க் துறவியை இகழவில்லை. மரணத்தை நினைப்பது நன்றே என ஒப்புக்கொண்டார். ஆனால் நல்மனத்தோடு கற்பவனுக்குக் கல்வி புண்ணிய வழியில் தடையல்ல, துணையே என எடுத்துரைத்தார். விற்றே ஆகவேண்டுமெனில், பிறர் கையிற் சிதறவிடாது தாமே வாங்குவதாகவும் எழுதினார். நண்பர் மனந்தேறினார்.

1370இல் எழுதிய மரணசாசனத்தில், இரவிலே கண்விழித்துப் படிக்கும் அந்நண்பர் குளிர்காலத்தில் அணிய அங்கி வாங்கவென 50 பொற்காசுகளை ஒதுக்கினார். 1374 யூலையில், 70 வயது நிறையும் தறுவாயில், ஆர்க்குவா கிராமத்திலே காலமானார். திறந்த நூலின்மீது தலைசாய்த்தபடி இறந்தார் என்பது மரபு.

வாசகரே, உங்கள் வீட்டிலும் ஒளித்துவைத்த நூலொன்று இருக்கலாம். தீர்ப்பிடுமுன் அதை நீங்களும் சற்று வாசித்துப் பாருங்கள்.