துளிர் தேடிய மாணவர்



தேர்வு நெருங்குகிறது. புத்தகத்தை விரித்து உட்காருகிறீர்கள். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. பக்கத்து அறையில் டி.வி. சத்தம். அப்பாவின் செல்போன் 'டிங்' என்கிறது. காரைக்காலில் இருப்பவர்களுக்கு அரசலாற்றுப் பக்கத்துக் காற்று வேறு, கடற்கரைக்கு வா வா என்று கூப்பிடும்! கண் புத்தகத்தில் இருக்கிறது. மனம் எங்கோ ஊர் சுற்றுகிறது. நமக்கு மட்டும் ஏன் படிப்பில் மனம் நிற்கவில்லை என்று கவலையாக இருக்கிறதா?

அரசலாற்றைச் சொன்னோம் அல்லவா? காரைக்காலில் கடலோடு கலக்கும் அந்த ஆறு, வரும் வழியில் கும்பகோணத்தைத் தொட்டுக்கொண்டுதான் வருகிறது. அந்தக் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்தவர், காரைக்காலிலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ள மயிலாடுதுறையில் மாணவராக இருந்தவர், 'தமிழ்த் தாத்தா' உ.வே.சாமிநாதையர். மனதை ஒரே இடத்தில் நிறுத்த அவர் எப்படிப் பழகினார் தெரியுமா?

உ.வே.சா. 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் தேதி பிறந்தார். சொந்த ஊர், பாபநாசத்துக்குப் பக்கத்தில் உள்ள உத்தமதானபுரம். தந்தை வேங்கடசுப்பையர் இசைக் கலைஞர். யார் ஆதரிக்கிறார்களோ அந்த ஊருக்குக் குடும்பத்தோடு போய்த் தங்குவார். அரியலூர், குன்னம் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்ததால் சிறுவனின் படிப்பும் விட்டு விட்டுத்தான் நடந்தது. எந்த ஊருக்குப் போனாலும் அங்கே தமிழ் தெரிந்தவர் யார் என்று தேடிப்போய்ப் பாடம் கேட்பான் சிறுவன். அவருக்குத் தெரிந்தது தீர்ந்துவிட்டால், அடுத்தவரைத் தேட வேண்டும். நமக்கு இருப்பதுபோலக் கடையில் வாங்கும் புத்தகங்களோ, நூலகமோ அவனுக்கு இல்லை.

கடைசியில் எல்லோரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை! (மயிலாடுதுறைக்கு அப்போது மாயூரம் என்று பெயர்.) 1871ஆம் ஆண்டு, பதினாறு வயதில், தந்தையோடு போய் அவரிடம் மாணவராகச் சேர்ந்தார் சாமிநாதன்.

சேர்ந்தாரே தவிர, நினைத்தது உடனே கிடைக்கவில்லை. மகாவித்துவானுக்கு ஓயாத வேலை. அதனால் மூத்த மாணவர் ஒருவரிடம் பாடம் கேட்கும்படி ஏற்பாடாயிற்று. ஆசிரியர் எதிரிலேயே இருக்கிறார்; ஆனால் அவர் வாயால் பாடம் கேட்க முடியவில்லை! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? கோபித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பியிருப்பீர்களா?

சாமிநாதன் ஆசிரியரைக் கவனிக்கத் தொடங்கினார். மகாவித்துவானுக்கு மரம், செடிகள் என்றால் உயிர். வேறு இடத்திலிருந்து வேரோடு கொண்டுவந்த மரங்களைத் தம் வீட்டுத் தோட்டத்தில் நட்டிருந்தார். அவை பிழைத்துத் துளிர்விடுகின்றனவா என்று தினமும் காலையில் போய்ப் பார்ப்பார். ஒரு சின்னத் துளிர் தெரிந்தாலும் அவர் முகம் மலர்ந்துவிடும்.

இதைக் கண்டுகொண்ட மாணவர், மறுநாள் ஆசிரியர் எழுவதற்கு முன்பே எழுந்துவிட்டார். தோட்டத்துக்குப் போய் ஒவ்வொரு மரத்தையும் கிளை கிளையாகப் பார்த்தார். எங்கெங்கே புதுத் துளிர் என்று மனதில் குறித்துக்கொண்டார். ஆசிரியர் வந்ததும், அவர் கண்ணில் படாத துளிர்களையும் காட்டினார். இப்படியே தினமும் நடந்தது. மகாவித்துவானுக்கு மாணவர் மேல் அன்பு பெருகியது. அந்தக் காலை நேரத்தில் தமக்கு நேராகவே பாடம் சொல்லும்படி சாமிநாதன் பணிவோடு கேட்டுக்கொண்டார். அவரும் இணங்கினார். அன்று முதல் மளமளவென்று பாடங்கள் நடந்தன.

பாருங்கள், அவருடைய முதல் பயிற்சி ஏட்டில் தொடங்கவில்லை. இலை மறைவில் இருக்கும் துளிரைத் தேடுவதில் தொடங்கியது! தினமும் ஒரே நேரத்தில் எழுவது, ஒன்றை விடாமல் உற்றுப் பார்ப்பது. இந்த இரண்டு பழக்கமும் பிற்காலத்தில் அவருக்கு எவ்வளவு உதவின என்பதைப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து ஒரு சோதனை வந்தது. 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அப்போது மாயூரத்தில்தான் இருந்தார். சாமிநாதன் பிறந்ததே இசைக் குடும்பம். விடுவாரா? பாரதியாரிடம் போய்ச் சங்கீதமும் கற்றுக்கொண்டிருந்தார். மகாவித்துவானுக்கு இந்தச் செய்தி தெரிந்தது. இசையில் மனம் போனால் இலக்கியத்தில் ஆழமாகப் போகாது என்பது அவருடைய எண்ணம். சாமிநாதன் யோசித்தார். இசைப் பயிற்சியை நிறுத்திவிட்டார்.

இசை கெட்ட பழக்கமா என்ன? இல்லவே இல்லை. பிற்காலத்தில் அதே பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் உ.வே.சா.தான். ஆனால் ஒரு காரியத்தில் முழுமூச்சாக இறங்கும்போது, பிடித்தமான இன்னொன்றைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வைக்கத்தான் வேண்டியிருக்கிறது. கெட்டதை விடுவது சுலபம். நல்லதை, அதுவும் பிடித்ததை விடுவது எவ்வளவு கஷ்டம்! அது அவருக்கும் வலித்திருக்கும்.

ஆசிரியர் பாடல்கள் இயற்றும்போது மாணவர் ஏட்டில் எழுதுவது அந்தக் கால வழக்கம். மகாவித்துவான் வாயிலிருந்து செய்யுள்கள் மழைபோலக் கொட்டும். பனையோலையில் எழுத்தாணியால் கீறி எழுத வேண்டும். ஒரு நொடி மனம் வேறு எங்காவது போனால் ஓர் அடி போய்விடும்! கேட்பது, நினைவில் வைப்பது, எழுதுவது என்று காது, மனம், கை மூன்றும் ஒன்றாக வேலை செய்யப் பழகின.

1876 பிப்ரவரி 1ஆம் தேதி மகாவித்துவான் மறைந்தார். 1880இல் உ.வே.சா. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். அதே ஆண்டு, அங்கே முனிசீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்திக்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் பெரிய பட்டியலே சொன்னார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். உ.வே.சா. அதைப் படித்ததில்லை!

அவர் அதை மறைக்கவில்லை. வருத்தப்பட்டு ஒதுங்கவும் இல்லை. முதலியார் கொடுத்த பிரதியை வாங்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. அது சமணக் காப்பியம். அந்தச் சமயக் கருத்துகள் அவருக்குப் புதியவை. உடனே கும்பகோணத்தில் இருந்த சமணர்களைத் தேடிப்போய்ச் சந்தேகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஊர் ஊராகச் சுவடிகள் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டார். புதிய சொல்லைக் கண்டால் குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார்.

இது எவ்வளவு கடினம் என்று தெரிய வேண்டுமா? பழைய ஓலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். துணைக்காலும் 'ர' எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. போதாததற்குப் பூச்சி அரித்த ஓட்டைகள் வேறு. அன்று தோட்டத்தில் துளிர் தேடிய அதே கண்கள்தான், இங்கே மறைந்து கிடந்த எழுத்துகளைத் தேடின!

கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு ஆண்டுகள் உழைத்தார். 1887இல் சீவக சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. இன்று நீங்கள் பாடப் புத்தகத்தில் புறநானூற்றுப் பாட்டு படிக்கிறீர்களே, அது உங்கள் கைக்கு வந்து சேர்ந்ததில் அந்த மனிதரின் கவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஓலைகள் செல்லரித்து அழிந்துகொண்டிருந்த காலம் அது. அவர் அலைபாயும் மனதோடு இருந்திருந்தால் இன்னும் எத்தனை ஏடுகள் மண்ணாகியிருக்குமோ!

1942 ஏப்ரல் 28ஆம் தேதி, தம் 87ஆம் வயதில் உ.வே.சா. காலமானார்.

தம்பி, தங்கைகளே! கவனம் என்பது பிறக்கும்போதே கூட வருவதில்லை. அது தினமும் வளர்க்க வேண்டிய செடி. நாளைக் காலையில் வீட்டில் மற்றவர்கள் எழுவதற்கு அரை மணி நேரம் முன்பு எழுந்து பாருங்கள். செல்போன் வேறு அறையில் இருக்கட்டும். ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். படித்ததைப் புத்தகம் பார்க்காமல் எழுதுங்கள். புரியாததைக் குறித்து வைத்து, வகுப்பில் ஆசிரியரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். முதல் நாள் மனம் ஓடத்தான் செய்யும். பிடித்து இழுத்து வந்து மறுபடி உட்கார வையுங்கள்.

கடைசியாக ஒரு விளையாட்டு. 'காரைககால கடறகரை'. இது என்ன? புள்ளி வைத்துப் படியுங்கள், தெரியும்! இதே மாதிரி புள்ளியே இல்லாமல், இடைவெளியும் விடாமல் பத்து வரி எழுதி நண்பரிடம் கொடுங்கள். அவர் எழுதியதை நீங்கள் வாங்கிப் படியுங்கள். தமிழ்த் தாத்தா பட்ட பாடு அப்போது புரியும். ஒன்றையே உற்றுப் பார்ப்பதில் உள்ள சுகமும் புரியும்!